சூதும் மருந்தும்



பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திரௌபதியம்மன் திருவிழா புதியதன்று. பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து நடக்கும். நான் சிறுவனாக இருந்தபோது, சூதாட்டக் கட்டம் வரும் இரவில் பாட்டியின் மடியில் சாய்ந்தபடி விடியும்வரை விழித்திருப்பேன். தருமன் நாட்டை வைத்துத் தோற்பான். தம்பியரை வைத்துத் தோற்பான். தன்னையும் வைத்துத் தோற்பான். பாஞ்சாலியைப் பணயம் வைக்கும்போது கூட்டத்திலுள்ள மூதாட்டியர் வாய்விட்டு அழுவார்கள். என் பாட்டி மட்டும் அழமாட்டார். "இப்ப அழுது என்ன பண்றது? முதல் காயிலேயே கையைப் பிடிச்சிருக்கணும்" என்பார்.

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. கையைப் பிடிக்க வேண்டிய நேரம் இதுவென்று எவ்வாறு அறிவது? பிடித்தபின் செய்ய வேண்டியது யாது? இவ்விரண்டு வினாக்களுக்கும் மனித இனம் தேடிய விடைகளின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சூது மிகப் பழைய பழக்கம். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், சூதாடி ஒருவனின் புலம்பலாக அமைந்த பாடல் ஒன்று உண்டு. மனைவி அவனை ஒதுக்குகிறாள், மாமியார் வெறுக்கிறாள், இரங்குவார் எவரும் இல்லை. இனி ஆடுவதில்லை என்று அவன் உறுதி கொள்கிறான். ஆயினும் காய்கள் உருளும் ஓசை கேட்டதும் கால்கள் தாமே அங்கே செல்கின்றன. காயை விட்டு நிலத்தை உழு என்னும் அறிவுரை இறுதியில் அவனுக்குக் கிடைக்கிறது.

"உழவும் ஒரு சூதுதானே ஐயா? எங்கள் மானாவாரி நிலத்தில் மழையை நம்பித்தானே பருத்தியும் சோளமும் விதைக்கிறோம்?" என்று வகுப்பில் ஒரு மாணவன் என்னைக் கேட்டதுண்டு. நல்ல வினா. இரண்டிலும் நட்டம் உண்டு. ஆனால் நட்டத்தின்பின் நடப்பது வேறு. ஒருமுறை பொய்த்தால் உழவன் அடுத்த முறை எண்ணிப் பார்த்து விதைக்கிறான், பயிரை மாற்றுகிறான், செலவைச் சுருக்குகிறான். சூதில் சிக்கியவனோ, தோற்றதை மீட்பதற்காகப் பணயத்தைக் கூட்டுகிறான். நோயின் முதல் அடையாளம் இதுவே.

இந்த அடையாளத்தைத் திருவள்ளுவர் தெளிவாகக் கண்டவர். சூது என்னும் 94-ஆம் அதிகாரத்தில், வெற்றியையே அவர் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். மீன் அதனை இரையென்று எண்ணி விழுங்குகிறது. அதிகாரத்தின் கடைசிக் குறளில், பொருளை இழக்க இழக்கச் சூதின்மேல் ஆசை பெருகுவதை, துன்பம் பெருகப் பெருக உடலின்மேல் உயிர் கொள்ளும் பற்றுக்கு உவமையாக்குகிறார். இழப்பு ஆசையைக் குறைக்க வேண்டும் என்பது உலகியல். இங்கு இழப்பே ஆசையை வளர்க்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். சூதுக்கு அடுத்த அதிகாரம் மருந்து. இவ்வரிசை எக்கருத்தால் அமைந்தது என்னும் ஆராய்ச்சி அறிஞர்க்கு உரியது. ஆசிரியனாகிய எனக்கு அது ஒரு வழிகாட்டி. அதனைப் பின்னர்க் காண்போம்.

நம் வட்டாரத்துக்கும் சூதின் கதைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் கார்குடியிலும் செங்குணத்திலும் தங்கித் தமிழ் பயின்றவர். அரியலூர்ச் சடகோப ஐயங்கார் அவர்தம் ஆசிரியர்களுள் ஒருவர். அக்காலத்தில் தமிழ் கற்போர் பெரிதும் பயின்ற நூல்களுள் ஒன்று அதிவீரராம பாண்டியரின் நைடதம். 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்பது பழமொழி. ஔடதம் என்றால் மருந்து. அந்நூல் சொல்வதோ, சூதாடி நாடிழந்த நளனின் கதை.

நளன் கதையை வியாச பாரதம் கூறும் முறையில், நாம் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. நளனின் சூதாட்டம் ஒரு நாளில் முடிந்ததன்று. பல மாதங்கள் நீடித்தது. அமைச்சரும் நகரத்தாரும் வாயிலில் வந்து நிற்கின்றனர். தமயந்தி சென்று சொல்கிறாள். நளன் மறுமொழி கூறவில்லை. மீண்டும் சொல்கிறாள், அப்போதும் மௌனம். உடனே அவள் தேர்ப்பாகனை அழைத்து, குழந்தைகள் இருவரையும் தன் தந்தையின் நகருக்கு அனுப்பிவிடுகிறாள். நாடு முற்றும் போவதற்கு முன்பே செய்த ஏற்பாடு அது. கணவனைத் தடுக்க அவளால் இயலவில்லை. காக்க முடிந்தவற்றைக் காத்தாள். அவள் கண்ட அடையாளம், இழந்த பொருளின் அளவு மட்டுமன்று. அன்புடையவர் சொல்லும் காதில் ஏறாத அந்த மௌனமுமாகும்.

இனி அரசுகள் சூதினை எவ்வாறு நோக்கின என்று காண்போம். கௌடலியரின் அர்த்தசாத்திரம் சூதினைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை வைக்கிறது. குறித்த இடத்தில் மட்டும் ஆட வேண்டும். வென்ற பொருளில் 100-க்கு 5 பங்கு அரசுக்கு உரியது. ஒரு கையால் கட்டுப்படுத்துவதும் மறு கையால் வருவாய் பெறுவதும் அன்றே தொடங்கிவிட்டன.

ஆங்கிலேயர் ஆட்சியில், வட இந்தியப் பகுதிகளுக்கென 1867-இல் பொதுச் சூதாட்டச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1930-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இவை சூதாட்ட விடுதிகளைத் தடுத்தன. முற்றும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்களித்தன. எனவே நீதிமன்றங்களில் ஒரே வினா மீண்டும் மீண்டும் எழுந்தது: இது திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1960-களில் கூறியது; குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-இல் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு அந்த வினா தேவையாயிருந்தது. ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில், தாய் கேட்கும் வினா அதுவன்று. "என் மகனால் இதை நிறுத்த முடியுமா?" என்பதே அவள் வினா.

இதற்கிடையில் அரசே சீட்டு விற்கும் காலமும் வந்தது. தமிழ்நாட்டில் 1968-இல் அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கப்பட்டது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அக்காலத்து முழக்கம். நோக்கம் நாட்டின் நலமே. ஆயினும் காலப்போக்கில் வெளிமாநிலச் சீட்டுகள், சுரண்டல் சீட்டுகள், ஓர் இலக்கச் சீட்டுகள் என்று அவை பெருகின. பேருந்து நிலையங்களில் முடிவு எழுதிய பலகைமுன் கூட்டம் நிற்கும். காலடியில் கிழித்தெறிந்த சீட்டுகள் கிடக்கும். 2003 சனவரியில் தமிழ்நாடு அரசு எல்லாப் பரிசுச் சீட்டுகளையும் தடை செய்தது.

அந்தக் காலத்தில்தான் என் பாட்டியின் சொல் எனக்கு விளங்கியது. என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர்; பெயரும் ஊரும் வேண்டா. கணக்குப் பாடத்தில் வல்லவர். நிகழ்தகவை அவர் கரும்பலகையில் விளக்கும் அழகைக் காண நானே வகுப்பின் வாயிலில் நின்றதுண்டு. "பத்து இலக்கங்களுள் ஒன்றுக்குப் பரிசு. சீட்டு 10 ரூபாய், பரிசு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தையும் ஒருவனே வாங்கினால் செலவு 100, வரவு 70. இதில் வெல்பவன் விற்பவனே" என்பார். அத்தகைய அறிஞர், மாலையில் பேருந்து நிலையத்தில் சீட்டு வாங்கினார்.

முதலில் ஒருமுறை பரிசு விழுந்தது. ஆசிரியர் அறையில் இனிப்பு வழங்கினார். நாங்களும் மகிழ்ந்து உண்டோம். அது தூண்டில் முள் என்று எங்களுள் ஒருவரும் எண்ணவில்லை. பிறகு சம்பள முன்பணம் கேட்டார். மனைவிக்கு உடல்நலமில்லை என்று கடன் கேட்டார். அந்த அம்மையார் நலமாகவே இருந்தார். வகுப்பில் சினம் மிகுந்தது. ஒருநாள் அவருடைய மகளின் தேர்வுக் கட்டணம் கட்டப்படவில்லை என்பது தெரிந்தபோது, நாங்கள் கூடிப் பேசி, ஆளுக்கொரு தொகை போட்டு, அவர் கடன் முழுவதையும் அடைத்தோம். பெரிய அறம் செய்துவிட்டதாக எண்ணினோம். மூன்று மாதங்களில் முன்னிலும் பெரிய கடனில் அவர் நின்றார்.

நேயர்களே, இதுவும் பாரதத்தில் உள்ளதே! பாஞ்சாலி பெற்ற வரத்தால் பாண்டவர் விடுதலை பெற்றனர். இழந்த நாடும் திரும்பக் கிடைத்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மீண்டும் சூதுக்கு அழைப்பு வந்தது; தருமன் மீண்டும் சென்றான். பன்னிரண்டு ஆண்டுக் காடும் ஓராண்டு மறைவு வாழ்வும் அந்த இரண்டாம் ஆட்டத்தின் விளைவு. கடனை அடைப்பது வேறு. நோயைத் தீர்ப்பது வேறு. நாங்கள் அந்த நண்பருக்குக் கொடுத்தது மருந்தன்று. அடுத்த ஆட்டத்துக்கான முதல்.

கணக்கறிந்தவர் ஏன் விழுந்தார்? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் பாடத்தில் ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞரின் புறா ஆய்வுகளைப் படித்திருந்தேன். புறா பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். சில சமயம் ஐந்தாம் கொத்தலுக்கு, சில சமயம் ஐம்பதாம் கொத்தலுக்கு என்று, எப்போது விழும் என்பது தெரியாதபடி அமைத்தால், புறா ஓயாமல் கொத்திக்கொண்டேயிருக்கும். பின்னர்த் தீனியை அடியோடு நிறுத்தினாலும் அது எளிதில் நிறுத்துவதில்லை. 1957-இல் ஃபெர்ஸ்டர் என்பவருடன் சேர்ந்து அவர் இவ்வாய்வுகளை நூலாக வெளியிட்டார். பாடத்தைத் தேர்வுக்கு எழுதி மதிப்பெண் பெற்ற நான், பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த நண்பரிடம் அதனைக் காணவில்லை.

மருத்துவ உலகமும் இதனை மெல்லத்தான் கண்டது. 1957-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சூதில் சிக்கி மீள விரும்பியோர் ஒருவர்க்கொருவர் துணையாகக் கூடும் சங்கம் ஒன்று தோன்றியது. 1972-இல் ஒகையோ மாநிலத்தில் இராபர்ட் கஸ்டர் என்னும் மனநல மருத்துவர், சூதாடிகளை மருத்துவமனையில் தங்கவைத்து மருத்துவம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனை நோயென்று தன் வகைப்பாட்டு நூலில் சேர்த்தது. 2013-இல் மது முதலிய அடிமைப் பழக்கங்களோடு ஒருங்கு வைத்தது. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு.

2013-ஆம் ஆண்டு நூல் ஒன்பது அடையாளங்களைக் கூறுகிறது. வரவரக் கூடுதல் பணம் வைத்தால்தான் கிளர்ச்சி உண்டாதல். குறைக்க முயன்றால் அமைதியின்மையும் எரிச்சலும் தோன்றுதல். நிறுத்த முயன்று மீண்டும் மீண்டும் தோற்றல். எந்நேரமும் அதே நினைவாயிருத்தல். மனம் நொந்தபோதெல்லாம் ஆட்டத்தை நாடுதல். இழந்ததை மீட்க மற்றொரு நாள் திரும்பச் செல்லுதல். மறைத்தலும் பொய் கூறலும். உறவையோ வேலையையோ கல்வியையோ இடருக்கு உள்ளாக்குதல். பணமுடைக்குப் பிறரை நம்பியிருத்தல். ஓராண்டுக்குள் இவற்றுள் நான்கேனும் காணப்பட்டால் மருத்துவர் அதனை நோயெனக் கருதுவர். இப்பட்டியலில் திறமையா, அதிர்ஷ்டமா என்னும் கேள்வியே இல்லை என்பதை நோக்குங்கள். தோற்ற தொகைக்கும் அளவு கூறப்படவில்லை.

இன்று சூதாட்ட விடுதி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. சீட்டுக் கடை இரவில் மூடும், கைப்பேசி மூடுவதில்லை. கடைமுன் நிற்பவனை ஊரார் காண்பர். போர்வைக்குள் ஆடுபவனை யார் காண்பார்? தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் இணையவழிச் சூதினைத் தடுக்க அவசரச் சட்டம் கொணர்ந்தது. அதன் வழிவந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகத்தில் நீக்கியது. ஓய்வு பெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப்பின் 2022-இல் சட்டமன்றம் மீண்டும் சட்டம் இயற்றியது. அது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. பழைய வினாவே அங்கும் குறுக்கிட்டது. 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை விதிக்கப்பட்டது. பின்னர் 2025 ஆகத்து 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த நடுவணரசுச் சட்டம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையே விலக்கியது. அது தண்டனை கூறுவது நடத்துவோர்க்கும் விளம்பரம் செய்வோர்க்கும் பணப் பரிமாற்றத்துக்குத் துணை நிற்போர்க்கும்; ஆடிக் கெட்டவர்க்கு அன்று. நூறாண்டுக்கு மேலாகக் கேட்ட வினாவைச் சட்டம் மாற்றிக்கொண்டது என்றே இதனைக் கருதுகிறேன். ஆயினும் சட்டம் கதவைத்தான் அடைக்கும். உள்ளே இருப்பவனைக் கைபிடித்து வெளியே கொணர்வது நம் கடமை.

அதற்கான வழியை, முன்னர்க் குறித்த மருந்து அதிகாரம் காட்டுகிறது. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. நால்வகையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், நோயுற்றவன். அவன் செய்ய வேண்டியது ஒன்றே: ஒருவரிடமேனும் உண்மையைச் சொல்லுதல். தாயிடமோ ஆசிரியரிடமோ நண்பனிடமோ, கடன் எவ்வளவு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறைவில் வளர்வது இந்நோய். வெளிச்சம் பட்ட அன்றே தீர்வு தொடங்குகிறது.

அடுத்து, மருத்துவன். மனநல மருத்துவரை நாடுவதில் இழிவு ஏதுமில்லை. பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையும், அரியலூரில் 2022 சனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனாஸ் என்னும் இம்மனநலச் சேவையில் தமிழிலேயே பேசலாம். கடன் சுமையால் உயிரே வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தால், ஒரு கணமும் தாழ்த்தாது அந்த எண்ணை அழைக்க வேண்டும், தனித்திருத்தல் கூடாது. கடன் பேசித் தீர்க்கக் கூடியது, உயிர் அத்தகையதன்று.

மூன்றாவது, மருந்து. 'அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம்' என்னும் எண்ணத்தின் பொய்ம்மையை உணர்த்தி, தூண்டும் வேளைகளை அறிந்து விலகப் பழக்கும் உரையாடல் முறையே இங்குத் தலையாய மருத்துவம். மனச்சோர்வோ குடிப்பழக்கமோ உடன் இருந்தால் அதற்கும் மருத்துவம் உண்டு. நளன் மீண்டும் காய் உருட்டி நாட்டை வென்றானே என்று கேட்பீர்கள். அக்கதையின் அந்த முடிவை மட்டும் கதையாகவே கொள்ளுங்கள். சூதில் சிக்கியவன் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு பகுதியைத்தான்.

நான்காவது, உடனிருப்பவன். நம்முள் பெரும்பாலோர்க்கு உரிய பணி இது. பழித்துப் பேசாதீர்கள், கையில் பணமும் கொடுக்காதீர்கள். தமயந்தியைப் போலக் காக்க வேண்டியவற்றை முதலில் காத்துக்கொள்ளுங்கள்: கல்விக் கட்டணம், வீட்டுச் செலவு, வங்கி அட்டை, நிலப் பத்திரம். கடனைப் பட்டியலிட்டு, உரியவர்க்கே நேரில் சிறிது சிறிதாகத் தீருங்கள். மருத்துவரிடம் கூடவே செல்லுங்கள். இடையில் ஒருமுறை அவன் சறுக்கினால், எல்லாம் போயிற்று என்று கைவிடாதீர்கள்.

என் நண்பரின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டாம் முறை அவர் கடனில் நின்றபோது நாங்கள் பணம் திரட்டவில்லை. அவர் இசைவோடு சம்பளம் வீட்டுக்காரம்மாவின் கைக்குச் சென்றது. நான் அவருடன் பேருந்தில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருந்தேன். ஒருமுறையன்று, பலமுறை. மாலையில் பள்ளி விட்டதும் பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக நடந்து செல்வோம். இருமுறை சறுக்கினார், இருமுறையும் தாமே வந்து சொன்னார். கடன் தீர ஆறு ஆண்டுகள் ஆயின. ஓய்வு பெற்ற நாளில் என்னிடம் அவர் சொன்னது இது: "நீங்கள் கொடுத்த பணம் எனக்கு நினைவில்லை. கூட நடந்ததுதான் நினைவிருக்கிறது."

மாணவச் செல்வங்களே! உங்கள் விடுதியில், வகுப்பில், வீட்டில் ஒருவன் இரவெல்லாம் விழித்திருக்கலாம், சிறு சிறு கடனாகக் கேட்கலாம், கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கலாம், காரணமின்றிச் சினக்கலாம். இவை ஒவ்வொன்றும் தனியே குற்றமன்று. நோயென்று உறுதியாகச் சொல்வதற்கும் போதா. ஆனால் அருகில் அமர்ந்து, "என்னடா, ஏதாவது கஷ்டமா?" என்று கேட்பதற்குப் போதும். அந்த ஒருவன் நீங்களாகவே இருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். முதல் காயிலேயே கையைப் பிடித்திருக்க வேண்டும் என்றார் என் பாட்டி. அது தவறிப்போயினும், எந்தக் காயில் பிடித்தாலும் அடுத்த காய் விழாமல் காக்கலாம்.